இருத்தலும் நீங்குதலும்: கிருஷ்ண பக்தி இயக்கத்தின் வழி ஒரு விளக்கம்

முன்னுரை

புதிய சமய இயக்கம் ஒன்றில் மக்கள் ஏன் சேர்கின்றனர் என்பது பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. சேர்ந்தோர் ஏன் அதில் தொடர்ந்து இருக்கின்றனர், ஏன் அதைவிட்டு நீங்குகின்றனர் என்னும் வினாக்கள் அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை. பொதுப் பேச்சில் இவ்வினாக்களுக்கு ஆயத்தமான விடைகள் இரண்டு உள்ளன. இயக்கத்திற்கு வெளியே நிற்போர், இருப்பவரை ஏமாந்தவர் என்றும் நீங்கியவரைத் தெளிந்தவர் என்றும் கூறுவர். உள்ளே நிற்போர், இருப்பவரை உறுதியுடையவர் என்றும் நீங்கியவரை வீழ்ந்தவர் என்றும் கூறுவர். இவ்விரு விடைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றினும், நீங்கிய மனிதரிடமும் இருக்கும் மனிதரிடமும் நேரில் கேட்டறிய வேண்டியதில்லை என்னும் எண்ணத்தில் ஒன்றுபடுகின்றன.

இக்கட்டுரை, சர்ச்சைக்கு உள்ளான ஒரு சமய இயக்கத்தில் இருத்தலும் நீங்குதலும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதை அகில உலகக் கிருஷ்ண பக்தி இயக்கத்தை (இஸ்கான்) எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முற்படுகிறது. இவ்வியக்கத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் மூன்று. முதலாவதாக, இதன் வரலாறு அரை நூற்றாண்டைக் கடந்தது. ஆகவே இரண்டு தலைமுறைகளை ஒப்பிட்டுப் பார்க்க இயலும். இரண்டாவதாக, சமூகவியலாளர்கள் இதனைத் தொடர்ந்து களத்தில் ஆய்ந்துள்ளனர். இயக்கத்தாரும் தம் குறைகளைத் தாமே எழுதி வெளியிட்டுள்ளனர். மூன்றாவதாக, இது வைணவ பக்தி மரபைச் சார்ந்தது. மலேசியாவில் இதன் கோயில்களுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலும் அமர்ந்திருக்கக்கூடும்.

நாம் இங்கு நிறுவ விரும்பும் கருத்து இதுவே: இருப்பதா நீங்குவதா என்னும் முடிவு பெரும்பாலும் கோட்பாட்டின் மெய்ம்மை பற்றியதாக அமைவதில்லை. தலைமை, குடும்பம், பிழைப்பு, பிள்ளைகளின் நலம் ஆகியவற்றைப் பற்றியதாகவே அமைகிறது. எனவே ஓர் இயக்கத்தை மதிப்பிட விரும்புவோர், அதில் எத்தனை பேர் இருக்கின்றனர் அல்லது நீங்கினர் என்று எண்ணுவதைவிட, உள்ளிருந்து எழுந்த குறையைக் கேட்பதற்கு அங்கே வழி இருந்ததா என்று வினவுதல் வேண்டும்.

இயக்கமும் சர்ச்சையும்

1896இல் கல்கத்தாவில் பிறந்த அபய சரண் தே, பின்னாளில் ஏ. சி. பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர் எனப் பெயர் பெற்றார். சைதன்யர் வழிவந்த கௌடீய வைணவ மரபில் பக்திசித்தாந்த சரஸ்வதியைக் குருவாகக் கொண்ட அவர், 1959இல் துறவு பூண்டார். 1965இல், தம் எழுபதாம் அகவையை நெருங்கும் வேளையில், சரக்குக் கப்பல் ஒன்றில் அமெரிக்காவுக்குப் பயணமானார். 1966ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் இஸ்கான் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா எனப் பல நாடுகளில் அதன் கோயில்கள் எழுந்தன. 1970இல் இயக்கத்தை நிருவகிக்க ஆட்சிக் குழு ஒன்றை அவர் அமைத்தார்.

தீட்சை பெற்றோர் புலால், மீன், முட்டை ஆகியவற்றை விலக்க வேண்டும். போதைப் பொருள், சூதாட்டம், முறையற்ற பாலுறவு ஆகியவற்றையும் நீக்க வேண்டும். நாள்தோறும் 108 மணிகள் கொண்ட மாலையைப் பதினாறு முறை உருட்டி நாமம் செபிக்க வேண்டும். தொடக்க காலத்தில் சேர்ந்தோரில் பலர் இருபது வயதை ஒட்டிய அமெரிக்க இளைஞர்கள். அவர்கள் கல்வியையும் வேலையையும் விட்டுக் கோயிலிலேயே குடியேறினர். தலையை மழித்துக் காவி உடுத்தித் தெருக்களில் நூல்களை விற்றனர். தம் பிள்ளைகள் பறிபோயினர் எனப் பெற்றோர் கருதியதில் வியப்பில்லை. 1970களில் அமெரிக்காவில் எழுந்த சமயக் குழு எதிர்ப்பியக்கம் இஸ்கானையும் தன் இலக்குகளுள் ஒன்றாகக் கொண்டது.

மூளைச்சலவை என்னும் விளக்கம்

அவ்வெதிர்ப்பியக்கம் முன்வைத்த விளக்கம் ‘மூளைச்சலவை’ என்பதாகும். சீனாவில் பொதுவுடைமை ஆட்சி கையாண்ட மனமாற்ற முறைகளைக் குறிக்க 1950இல் ஆங்கில இதழியலில் புகுந்த இச்சொல், கொரியப் போரை ஒட்டிப் பரவிப் பின்னர்ச் சமயக் குழுக்களைப் பற்றிய வழக்குகளிலும் இடம்பெற்றது. இதன்படி, உறுப்பினர் தம் விருப்பத்தால் இருப்பவர் அல்லர். அவருடைய விருப்பமே பிறரால் ஆக்கப்பட்டது. எனவே அவரை வலிந்து மீட்பதும் அறமே என வாதிடப்பட்டது. பெற்றோர் சிலர் பொருள் கொடுத்து ஆள் அமர்த்தித் தம் வளர்ந்த பிள்ளைகளைக் கடத்திச் சென்று, அறையில் அடைத்து, மனத்தை மாற்ற முயன்ற நிகழ்ச்சிகளும் உண்டு.

1977இல் நியூயார்க்கில் இஸ்கான் பொறுப்பாளர்மீது இத்தகைய குற்றச்சாட்டு நீதிமன்றம் சென்றது. வயது வந்த உறுப்பினர் இருவர் மனக்கட்டுப்பாட்டின்வழிச் சட்டத்திற்குப் புறம்பாக அடைத்துவைக்கப்பட்டனர் என்பது அவ்வழக்கு. நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்ததுடன், இவ்வியக்கம் நெடிய வேர் கொண்ட மெய்யான சமயமே எனவும் குறிப்பிட்டது.

ஆய்வுலகிலும் இவ்விளக்கம் நிலைபெறவில்லை. பிரிட்டனில் ஐக்கியத் திருச்சபை என்னும் மற்றோர் இயக்கத்தை ஆய்ந்த ஐலீன் பார்க்கர், 1984இல் வெளியிட்ட நூலில், அதன் பயிலரங்குகளுக்குச் சென்றோருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் இயக்கத்தில் சேரவில்லை எனக் காட்டினார். சேர்ந்தோரிலும் பலர் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே நீங்கினர். தடுக்க முடியாத ஆற்றல் ஒன்று அங்கே செயற்பட்டிருப்பின் இவ்வாறு நிகழ்ந்திராது. இஸ்கான் உள்ளிட்ட மூன்று இயக்கங்களிலிருந்து தாமே நீங்கியோரை ஸ்டூவர்ட் ரைட் ஆய்ந்து 1987இல் நூலாக்கினார். அவர் சந்தித்தோருள் மூன்றில் இரு பங்கினர், அவ்வனுபவத்தால் தாம் அறிவு முதிர்ந்ததாகக் கூறினர்; மூளைச்சலவைக்கு ஆளானதாகக் கூறியோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

இதனால் அழுத்தமோ ஏமாற்றோ இயக்கங்களில் இல்லை என்று பொருள் கொள்ளுதல் தவறு. அழுத்தம் இருந்தது, ஆனால் அது மாயம் போன்றதன்று. தூக்கக் குறைவு, இடையறாப் பணி, வெளியுறவு குறைதல், கையில் பணமின்மை, கேள்வி கேட்பது பக்திக் குறைவு என்னும் எண்ணம் ஆகியவை எவரும் காணக்கூடிய, பெயரிட்டுச் சொல்லக்கூடிய அழுத்தங்கள். அவற்றை ‘மூளைச்சலவை’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிடும்போது, எந்த அழுத்தத்தை யார் நீக்கியிருக்கலாம் என்னும் வினா மறைந்துவிடுகிறது.

நீங்குதல் ஒரு நாள் நிகழ்ச்சியன்று

முன்னாள் கன்னியாஸ்திரீயும் சமூகவியலாளருமான ஹெலன் ஈபாக், 1988இல் வெளியிட்ட நூலில், ஒரு வாழ்க்கைப் பாத்திரத்தைத் துறப்போர் கடக்கும் நான்கு படிநிலைகளை வகுத்துக் காட்டினார். முதலில் ஐயம் தோன்றும். பின்னர் மாற்று வழிகளை மனம் தேடும். அதன்பின் திருப்புமுனை ஒன்று வரும். இறுதியில், ‘முன்னாள்’ என்னும் அடைமொழியுடன் வாழக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்நான்கனுள் வெளியார் கண்ணுக்குத் தெரிவது மூன்றாவது மட்டுமே. அதனால்தான் நீங்குதல் திடீரென நிகழ்ந்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது.

இஸ்கான் வரலாற்றில் இப்படிநிலைகள் வீட்டுப் பொருளாதாரத்தோடு பிணைந்திருந்தன. இயக்கத்தைப் பல்லாண்டு ஆய்ந்த பர்க் ரோச்ஃபோர்டு இதனைத் தெளிவாக எடுத்துரைக்கிறார். தொடக்கத்தில் வட அமெரிக்கக் கோயில்கள் நூல் விற்பனையால் வந்த பணத்தில் உறுப்பினரைத் தாங்கின. 1970களின் பிற்பகுதியிலிருந்து அவ்வருவாய் சரிந்தது. அதே காலத்தில் உறுப்பினர்கள் திருமணம் புரிந்து பிள்ளைகள் பெற்றனர். துறவியரும் மணமாகாதோரும் வாழ்வதற்கென அமைந்த கோயிலால் குடும்பங்களைத் தாங்க இயலவில்லை. இல்லறத்தார் வெளியே வேலை தேடினர். வாடகை வீட்டில் குடியேறினர். பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்தனர். ஞாயிறுதோறும் கோயிலுக்கு வந்தனர்.

இவர்கள் நீங்கியவரா, இருப்பவரா? முழுநேரத் தொண்டையே அளவுகோலாகக் கொண்ட தலைவர்கள் கண்ணில் இவர்கள் தளர்ந்தவர்கள். எதிர்ப்பியக்கத்தார் கண்ணில் இன்னும் மீளாதவர்கள். ஆயினும் இன்று பல நாடுகளில் இயக்கம் நிலைத்து நிற்பது இத்தகைய இல்லறத்தாராலும், அமெரிக்கக் கோயில்களைத் தமதாக்கிக்கொண்ட இந்தியக் குடியேறிகளாலுமே ஆகும். இடைநிலையில் நிற்போரைக் கணக்கில் கொள்ளாத எந்த விளக்கமும் முழுமை பெறாது என்பதை இதனால் அறியலாம்.

வேறொரு வகையினரும் உளர். 1977க்குப் பின் இஸ்கானை விட்டவர்களுள் பலர் நவத்வீபத்திலும் பிற இடங்களிலும் வாழ்ந்த கௌடீய மரபின் வேறு குருமாரை நாடினர். அவர்கள் திலகத்தை அழிக்கவில்லை. செபமாலையைக் கீழே வைக்கவுமில்லை. அமைப்பை நீங்கினர், சமயத்தை நீங்கவில்லை. பிரபுபாதரின் சொந்த வரலாறும் இதனை ஒத்தது. 1937இல் அவருடைய குரு மறைந்தபின் கௌடீய மடம் தலைமைப் பூசலால் பிளவுண்டது. அப்பிளவுக்குப் பின்னரே அவர் தனி அமைப்பு ஒன்றைக் கண்டார்.

பற்றும் குரலும்

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூல், தரம் சரிந்த நிறுவனம் ஒன்றின்பால் மக்கள் கொள்ளும் எதிர்வினைகளை ஆராய்கிறது. ஒருவர் வெளியேறலாம், அல்லது உள்ளே இருந்து குரல் எழுப்பலாம். இவ்விரண்டனுள் எதைத் தேர்வது என்பதைப் பற்று பாதிக்கிறது. பற்றுடையவர் உடனே வெளியேறார். ஆகவே அவர் குரல் எழுப்ப வாய்ப்புண்டு. ஆனால் வெளியேறும் விலை மிக உயர்ந்தும், குரலுக்கு இடமின்றியும் போகும்போது, மனிதர் பேசாமல் உள்ளே இருப்பர். அந்த மௌனத்தைத் தலைமை இசைவு எனப் பொருள்கொள்ளும். வணிக நிறுவனம், கட்சி, அரசு ஆகியவற்றை நோக்கி எழுந்த இக்கோட்பாடு, சமய இயக்கங்களுக்கும் நன்கு பொருந்துகிறது.

1977 நவம்பர் 14ஆம் நாள் பிரபுபாதர் பிருந்தாவனத்தில் மறைந்தார். அவ்வாண்டு சூலையில் வெளியான கடிதம் ஒன்று, தம் சார்பில் தீட்சை வழங்க மூத்த சீடர் பதினொருவரைப் பிரதிநிதிகளாகக் குறித்திருந்தது. அவர் மறைந்தபின் அப்பதினொருவரும் தத்தம் நிலப்பகுதிக்குரிய குருமாராக அமர்ந்தனர். ஒரு பகுதியில் வாழும் புதிய உறுப்பினர் அப்பகுதிக்குரிய குருவிடமே தீட்சை பெற வேண்டியிருந்தது. குருவோ பிழையற்றவராகப் போற்றப்பட்டார். ஆகவே நிருவாகத்தைப் பற்றிய எளிய குறையும் குருநிந்தையாகக் கொள்ளப்படும் நிலை உருவாயிற்று. குரலுக்குரிய வாயில் இவ்வாறு அடைபட்டது.

பின்வந்த ஆண்டுகளில் அப்பதினொருவருள் பாதிக்கு மேற்பட்டோர் ஒழுக்கக் குறையாலோ கருத்து வேறுபாட்டாலோ விலகினர் அல்லது விலக்கப்பட்டனர். தம் குரு வீழ்ந்ததைக் கண்ட சீடர் நிலை எத்தகையது என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். பெயர், திருமணம், இல்லம், தொழில் என யாவும் அக்குருவின்வழி வந்தவை. சிலர் அன்றே வெளியேறினர். சிலர் வேறொரு குருவிடம் மறுதீட்சை பெற்றனர். சிலர் பிரபுபாதர் ஒருவரையே குருவாகக் கொண்டு, அப்பதினொருவரும் என்றென்றும் பிரதிநிதிகளாகவே இருந்திருக்க வேண்டும் என வாதிட்டனர். இவ்வாதம் 1996இல் வெளியான ஒரு நூலால் வலுப்பெற்றது. பெங்களூர்க் கோயிலார் இக்கருத்தின் பக்கம் நின்றனர். அவர்களுக்கும் மும்பையில் பதிவு பெற்ற தலைமை அமைப்பிற்கும் இடையே எழுந்த சொத்து வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இன்னும் சிலர் உள்ளே இருந்து சீர்திருத்தம் கோரினர். 1980களின் நடுவில் வட அமெரிக்கக் கோயில் தலைவர்கள் பலர் ஒன்றுகூடிக் குருமாரின் எல்லையற்ற அதிகாரத்தை எதிர்த்தனர். சமயவியலில் முனைவர் பட்டம் பெற்ற இரவீந்திர சொரூப தாசர் அம்முயற்சியில் முன்னின்றார். 1987ஐ ஒட்டி நிலப்பகுதி முறை நீக்கப்பட்டது. தீட்சை வழங்குவோர் தொகை பெருகியது. சீடர் தம் குருவைத் தாமே தேர்ந்துகொள்ள வழி பிறந்தது. இம்மாற்றத்தை நிகழ்த்தியோர் தங்கியவர்களே என்பது மெய். ஆயினும் அவர்கள் சொல்லுக்கு ஆட்சிக் குழு செவிசாய்த்ததற்கு, ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே வெளியேறிக் கோயில்கள் வெறிச்சோடியதும் ஒரு காரணமாகும். நீங்கியோரின் வெளியேற்றமே இருந்தோரின் குரலுக்கு வலிமை தந்தது எனலாம்.

குரலுக்குரிய விலை மிகக் கொடியதாக இருந்த இடமும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் 1968இல் தோன்றிய நியூ விருந்தாபன் என்னும் குடியிருப்பு, கீர்த்தனானந்த சுவாமியின் தனியாட்சியில் வளர்ந்தது. அவரைக் கடுமையாகச் சாடி எழுதிய முன்னாள் உறுப்பினர் ஒருவர் 1986இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் அக்கொலைக்குத் தண்டனை பெற்றார். இஸ்கான் 1987இல் கீர்த்தனானந்தரை நீக்கியது. அடுத்த ஆண்டு அக்குடியிருப்பையே தன்னிலிருந்து விலக்கியது. அவர் 1996இல் சதிக் குற்ற வழக்கொன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

அங்கு வாழ்ந்த எளிய குடும்பங்களின் நிலையை நாம் கவனித்தல் தகும். அவர்கள் எங்கும் செல்லவில்லை. தம் வீட்டிலேயே இருந்தனர். ஆயினும் ஒரு தீர்மானத்தால் இயக்கத்திற்கு வெளியே ஆயினர். அவர்களுள் பலர் ஊரைவிட்டுச் சென்றனர், சிலர் தங்கினர். 1990களின் நடுவில் தங்கியோர் தம் தலைவரைக் கைவிட்டனர். 1998இல் அக்குடியிருப்பு இயக்கத்தோடு மீண்டும் இணைந்தது. இருத்தலும் நீங்குதலும் எப்போதும் தனிமனிதர் தேர்வாகவே அமைகின்றன என்னும் எண்ணத்தை இந்நிகழ்ச்சி மறுக்கிறது.

தேர்வின்றி உள்ளிருந்தோர்

இதுவரை கூறியவை தாமே விரும்பிச் சேர்ந்த பெரியோரைப் பற்றியவை. பிள்ளைகளின் வரலாறு வேறு. அவர்கள் சேரவுமில்லை, நீங்கவும் இயலாது.

1971இல் டெக்சஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் இஸ்கானின் முதல் குருகுலம் தொடங்கப்பட்டது. ஐந்து வயதை எட்டிய பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து அங்கே தங்கிப் பயின்றனர். குடும்பப் பற்று பக்திக்குத் தடை என்னும் எண்ணமும், பெற்றோரை நூல் விற்பனைக்கும் கோயிற் பணிக்கும் விடுவிக்கும் தேவையும் இவ்வேற்பாட்டிற்கு அடிப்படையாயின. 1976இல் மாநில அதிகாரிகளின் தலையீட்டால் டல்லஸ் பள்ளி மூடப்பட்டது. அதன்பின் வேறு இடங்களிலும், இந்தியாவில் பிருந்தாவனத்திலும் மாயாபூரிலும் விடுதிப் பள்ளிகள் நடந்தன. பயிற்சியற்ற இளைஞர்கள் ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டனர். வேறு பணிக்குத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்டோரும் அப்பணிக்கு அனுப்பப்பட்டதுண்டு. அப்பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் அடிக்கப்பட்டனர், புறக்கணிக்கப்பட்டனர், பாலியல் கொடுமைக்கும் ஆளாயினர்.

இங்கே குரலும் வெளியேறலும் ஒருங்கே அடைபட்டிருந்தன. பிள்ளை யாரிடம் சொல்வது? ஆசிரியரே கொடுமை செய்பவர். பெற்றோரோ தொலைவில் இருப்பவர். சொல்லினும், குருகுலத்தைப் பற்றிக் குறை கூறுவது குருவின் திட்டத்தைக் குறை கூறுவதாகும் எனப் பெற்றோர் அஞ்சினர். கோட்பாட்டில் பெற்றோர்க்கு இருந்த பற்றின் விலையைப் பிள்ளைகள் செலுத்தினர்.

அப்பிள்ளைகள் வளர்ந்தபின் தாமே பேசத் தொடங்கினர். 1990களில் அவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டு, தம் அனுபவங்களை எழுதினர். தலைவர்கள் முன்னிலையிலும் எடுத்துரைத்தனர். 1998இல் இஸ்கானின் சொந்த ஆய்விதழிலேயே, 1971 முதல் 1986 வரை இயக்கத்தில் நிகழ்ந்த சிறார் கொடுமையைப் பற்றிய ரோச்ஃபோர்டின் கட்டுரை வெளியாயிற்று. அதே ஆண்டு சிறார் பாதுகாப்பு அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. 2000இல் முன்னாள் மாணவர் 44 பேர் 40 கோடி டாலர் இழப்பீடு கோரி டெக்சஸில் வழக்குத் தொடுத்தனர். இயக்கத்தின் கோயில்கள் சில திவால் பாதுகாப்பை நாடின. 2005இல் ஏறத்தாழ 95 இலட்சம் டாலர் இழப்பீட்டுடன் உடன்பாடு எட்டப்பட்டது.

தன் குற்றத்தைத் தன் இதழிலேயே வெளியிட்ட சமய அமைப்புகள் மிகச் சில. அவ்வகையில் இஸ்கானின் செயல் பாராட்டுக்குரியது. எனினும் கொடுமை தொடங்கியதற்கும் கட்டுரை வெளிவந்ததற்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகள் கடந்தன என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. அவ்வாண்டுகளில் ஒரு தலைமுறை முழுவதும் வளர்ந்து பெரியவர் ஆகிவிட்டது.

நீங்கியோர் சான்றை எவ்வாறு கொள்வது?

ஆய்வாளர்க்கு எழும் முறையியல் சிக்கல் ஒன்று இங்கே உண்டு. நீங்கியவர் கூறுவதை எந்த அளவிற்கு நம்பலாம்? பிரையன் வில்சன் போன்ற சமூகவியலாளர், நீங்கியோர் தம் பழைய வாழ்வை நியாயப்படுத்தும் நோக்கில் பேசுவர் எனவும், ஆகவே அவர்கள் சான்றினை ஐயுற வேண்டும் எனவும் எச்சரித்தனர். இவ்வெச்சரிக்கையில் உண்மை உண்டு.

இதனைத் தமிழ் மரபிலிருந்தே நாம் விளங்கிக்கொள்ளலாம். மருணீக்கியார் சமணம் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றதும், சூலை நோயுற்றுத் தமக்கை திலகவதியாரை அடைந்து திருவதிகையில் சைவம் மீண்டதும் தமிழாசிரியர் யாவரும் அறிந்தவை. அந்நிகழ்ச்சியை விரிவாக நமக்குக் கூறும் சேக்கிழார், நாவுக்கரசர்க்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு பிற்பட்டவர். மீண்டு வந்தவரை வரவேற்ற சமயத்தைச் சார்ந்தவர். தருமசேனர் சமணரிடையே வாழ்ந்த ஆண்டுகளில் கண்ட நிறைவு என்ன என்பதைக் கூறும் சமணர் தரப்பு நூல் நம் கையில் இல்லை. நீங்கியவர் கதையைப் பெரும்பாலும் அவர் சென்றடைந்த இடமே பேணுகிறது. விட்டு வந்த இடம் பேணுவதில்லை.

ஆனால் இவ்வெச்சரிக்கையை எல்லை கடந்து நீட்டுதல் தீங்காகும். குருகுலப் பிள்ளைகள் கூறியவற்றைத் தொடக்கத்திலேயே ‘நீங்கியோர் பேச்சு’ என ஒதுக்கியிருப்பின் உண்மை வெளிவந்திராது. இருப்பவர் சான்றும் அதே அளவு ஐயத்திற்கு உரியதே. அவருக்கும் காக்க வேண்டிய வாழ்வு ஒன்று உண்டு. மேலும் நீங்கியோர் அனைவரும் ஒரே குரலில் பேசுவதில்லை. இயக்கத்தின் மக்கள்தொடர்புப் பணியில் பத்தாண்டு இருந்து 1988இல் விலகிய நோரி மஸ்டர், 1997இல் வெளியிட்ட நூலில் தலைமையின் தவறுகளை வெளிப்படையாகக் கூறினார். ஆயினும் தம்மோடு வாழ்ந்த எளிய அடியாரை இழித்துரைக்கவில்லை. இத்தகைய சான்றுகள், இருப்போர் சான்றோடும் ஆவணங்களோடும் ஒப்புநோக்கத்தக்கவை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில தெளிவுகளை நாம் பெறலாம். நீங்குதல் நெடிய செயல்முறை. அது பெரும்பாலும் நம்பிக்கை இழப்பில் தொடங்காமல், குடும்பத்தோடும் தலைமையோடும் ஏற்படும் முரணில் தொடங்குகிறது. இருத்தல் என்பதும் ஒரே தன்மையதன்று: பற்றினால் இருப்போர், சீர்திருத்தும் நோக்கில் இருப்போர், செல்ல இடமின்றி இருப்போர் என அவர்கள் பலதிறத்தர். வெளியேறலும் குரலும் ஒன்றற்கொன்று துணை செய்கின்றன. கதவு திறந்திருக்கும் இடத்திலேயே உள்ளிருப்போர் சொல்லுக்கு மதிப்பு உண்டாகிறது.

ஆசிரியராகிய நமக்கு இதனால் ஒரு கடமையும் உண்டாகிறது. இத்தகைய இயக்கம் ஒன்றைச் சார்ந்த குடும்பத்திலிருந்து வரும் மாணவரை, அவ்வியக்கத்தின் பெயரைக் கொண்டே மதிப்பிடுதல் கூடாது. அக்குடும்பம் அங்கே நல்லொழுக்கத்தையும் நட்பையும் பெற்றிருக்கலாம். அதே வேளையில், அம்மாணவர் தமக்கு நேர்ந்த துன்பம் ஒன்றைக் கூறுவாராயின், அதனைச் சமய விவாதமாக்காமலும், பெற்றோர் மனம் புண்படும் என அஞ்சி மூடாமலும், பிள்ளை நலம் பற்றிய செய்தியாகவே கொண்டு உரியவரிடம் சேர்த்தல் வேண்டும். டல்லஸிலும் பிருந்தாவனத்திலும் அப்பிள்ளைகளுக்கு வாய்க்காதது அவ்வாறு கேட்கும் ஒரு பெரியவரின் துணையே.